செயல்முறை அகழ்வில் தரவுத் தரச் சிக்கல்கள்

செயல்முறை அகழ்வு என்பது, ஒரு நிறுவனத்தின் கணினிகளில் அன்றாட வேலையினூடே சேரும் பதிவுகளைக் கொண்டு, வேலை அங்கே உண்மையில் எந்த வரிசையில் நடக்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே விதியை விட்டு விலகுகிறது என்பதைக் கண்டறியும் ஆய்வுத்துறை ஆகும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளால் வளர்ந்த இத்துறைக்கு மூலப்பொருள் நிகழ்வுப் பதிவேடு. அதன் ஒவ்வொரு வரியும், நோயாளி அல்லது கடன் விண்ணப்பம் போன்ற எந்த நேர்வைச் சார்ந்தது, என்ன செயல் நடந்தது, எப்போது நடந்தது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஆனால் இப்பதிவுகள் பெரும்பாலும் கட்டணம் வசூலிக்கவும் கணக்குக் காட்டவும் எழுதப்பட்டவை, ஆய்வுக்காக அல்ல. சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மின், மின்னணுப் பொறியாளர் கழகமான ஐஇஇஇ-யின் செயல்முறை அகழ்வுப் பணிக்குழு 2011இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, பதிவேடுகளை ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்து, காகித மருத்துவக் குறிப்புகளைக் கடைநிலையில் வைத்தது. 2013இல் போஸ், மான்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் ஆகியோர் குறைபாடுகளை விடுபட்டவை, தவறானவை, துல்லியமற்றவை, தொடர்பற்றவை என நான்காகப் பகுத்து, அவற்றுள் 27 வகைகளைக் காட்டினர். 2017இல் சுரியாடியும் உடன் ஆய்வாளர்களும் நடைமுறையில் திரும்பத் திரும்பத் தென்படும் 11 குறைபாட்டு வடிவங்களைத் தொகுத்தனர். களத்தில் இறங்குபவருக்கு மிகவும் பயன்படுவது இந்தத் தொகுப்பே.

நேரம் பற்றிய குறைபாடுகளே மிகுந்த கேடு விளைவிப்பவை. ஏனெனில் விடுபட்ட வரி வெற்றிடமாகக் கண்ணில் படலாம், தவறான நேரமோ ஒழுங்கான வரிசையாகவே தோற்றமளிக்கும். செவிலியர் காலை 10:00 மணிக்கு இரத்த அழுத்தமும் 10:20க்கு உடல் வெப்பமும் பார்த்துவிட்டு, 11:00 மணிக்குப் படிவத்தைச் சேமித்தால், இரண்டு செயல்களுக்கும் 11:00 என்றே பதிவாகும். இரவு 11:50க்கு வந்த நோயாளிக்கு 12:10க்குச் சிகிச்சை தொடங்கி, தேதியை மட்டும் மாற்ற மறந்துவிட்டால், வருகைக்கு முன்பே சிகிச்சை நடந்ததாகப் பதிவேடு சொல்லும். நாள்/மாத வரிசை மாறிய தேதிகள் இன்னும் நுட்பமானவை: பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் 13ஆம் தேதியிலிருந்து பிழை வெளிப்பட்டுவிடும், 12ஆம் தேதி வரை வெளிப்படாது. ஆய்வாளர்களுக்காக 2011இல் வெளியிடப்பட்ட ஒரு டச்சு மருத்துவமனைப் பதிவேட்டில், 1,143 நேர்வுகளும் ஏறத்தாழ 1,50,000 நிகழ்வுகளும் இருந்தும், நேரம் நாள் அளவிலேயே இருந்தது. ஒரே நாளில் செய்த பரிசோதனைகளில் எது முந்தியது என்று அதைக்கொண்டு சொல்ல இயலாது. மென்பொருளோ கோப்பில் வரிகள் அமைந்த வரிசையையே நடந்த வரிசையாகக் கொண்டுவிடக்கூடும்.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. ஒரே செயலை ஒரு பிரிவு ‘ஒப்புதல்’ என்றும் மற்றொன்று ‘அனுமதி’ என்றும் எழுதினால், பதிவேட்டிலிருந்து வரையும் செயல்முறை வரைபடத்தில் இரண்டு செயல்கள் முளைக்கும்.

எதை நேர்வாகக் கொள்வது என்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு கொள்முதல் ஆணையில் பல பொருள்கள் இருக்கும்போது, ஆணையை நேர்வாகக் கொண்டால் பொருள்களின் தனித்தனி வரிசை கலைகிறது. பொருளை நேர்வாகக் கொண்டால் ஒரே ஒப்புதல் பலமுறை எண்ணப்படுகிறது. ஒரு நிகழ்வைப் பல பொருள்களோடு ஒரே நேரத்தில் இணைக்க இடம்தரும் பொருள்மையப் பதிவேட்டு வடிவம், 2020இல் இதற்காகவே முன்வைக்கப்பட்டது.

திருத்துவதிலும் ஆபத்து உண்டு. அரிதான வரிசைகளைப் பிழையெனக் கருதி வடிகட்டினால், முறைகேடோ அவசரச் சிகிச்சையோ சேர்ந்தே மறைந்துபோகலாம். எது பிழை, எது உண்மையான விலகல் என்பதைப் பதிவை இட்டவர்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.