பெயரில்லாத கத்தி, முத்திரையிட்ட ஆந்தை

1957ஆம் ஆண்டின் குளிர்காலம். கனடாவின் வடபகுதியில், பாஃபின் தீவை ஒட்டிய கேப் டார்செட் என்ற சிறு குடியிருப்பு. வால்ரஸ் தந்தத்தில் சிற்பம் செதுக்குவதில் பேர்போன ஓசுவிட்டொக் இப்பீலி, அரசு அதிகாரி ஜேம்ஸ் ஹூஸ்டனின் வீட்டில் கிடந்த இரண்டு சிகரெட் பெட்டிகளை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை. ஒரு கோடுகூட வித்தியாசமில்லை. பெட்டிக்குப் பெட்டி இதே முகத்தை உட்கார்ந்து வரைகிறவருக்கு அலுத்துப் போகாதா என்று கேட்டார்.

அச்சடிப்பதை வாயால் விளக்கும் அளவுக்கு ஹூஸ்டனுக்கு, அங்கே வாழும் பழங்குடியினரான இனுயிட்களின் மொழி கைகூடவில்லை. ஓசுவிட்டொக்கே செதுக்கிய ஒரு தந்தத்தை எடுத்து, எழுதுகிற மையைப் பூசி, மேலே மெல்லிய காகிதத்தை வைத்துத் தேய்த்து உரித்துக் காட்டினார். கோடுகள் காகிதத்தில் வந்திருந்தன. இதை நாமே செய்யலாமே என்றாராம் ஓசுவிட்டொக்.

இது ஹூஸ்டன் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை. சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கலாம். ஆனால் அதன் பிறகு நடந்தவற்றுக்குக் காகிதமே சாட்சி.

கதையின் பின்னணியில் பசி இருந்தது. இனுயிட் குடும்பங்கள் வெள்ளை நரித் தோலைக் கொடுத்துத்தான் ஹட்சன் பே கம்பெனியின் கடைகளில் துப்பாக்கி ரவையும் தேயிலையும் மாவும் வாங்கிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோல் விலை சரிந்தது. பல குடும்பங்கள் திண்டாடின. டொரான்டோ ஓவியரான ஹூஸ்டன் 1948இல் முதன்முறையாக வடக்கே போய்ச் சிறு கற்சிற்பங்களோடு திரும்பினார். 1949 நவம்பரில் மான்ட்ரியலில் விற்பனைக்கு வைத்த சிற்பங்கள் மூன்றே நாளில் தீர்ந்தன. அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1951இல் ஹூஸ்டன் தயாரித்த ஒரு கையேடு, தெற்கத்திக்காரர்கள் எதை விரும்பி வாங்குவார்கள் என்று படம் போட்டு இனுயிட்களுக்குக் காட்டியது. அவரைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் அந்தக் கையேட்டைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். குறை நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுத்தார் என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

அந்த ஊர்ப் பெண்களின் கையில் அச்சுக்கலையில் பாதி ஏற்கெனவே இருந்தது. கடல்நாய்த் தோலில் வெளிர் நிறம் ஒன்று, கரு நிறம் ஒன்று என இரண்டை ஒரே வடிவத்தில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைப் பதித்துத் தைத்து, காலணியிலும் மேலங்கியிலும் பையிலும் உருவங்கள் போடுவது அவர்களுடைய பரம்பரை வேலை. வெட்டுகிற கருவி ஊலு: பிறை வடிவ அலகு, அதன் நடு முதுகில் மான்கொம்பிலோ தந்தத்திலோ ஒரு பிடி. பெண்களுக்கே உரிய கத்தி அது. தோலைச் சுரண்டவும், இறைச்சி நறுக்கவும், தலைமுடி வெட்டவும் அதே கத்திதான். பல வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பழைய ஊலுக்களில் அலகு தட்டைக்கல். செம்பு கிடைத்த பக்கங்களில் செம்பு. வணிகர்கள் வந்த பிறகு உடைந்த ரம்பத் தகடு.

வெட்டிய தோலில் மிஞ்சுகிற ஓட்டையை அச்சுத்தகடாக்கி, அதன் வழியே மையைத் தட்டினால் படம் விழும். கேப் டார்செட்டின் தொடக்க கால அச்சுகள் சில இப்படித்தான் கடல்நாய்த் தோலை வைத்தே எடுக்கப்பட்டன. கெனோஜுவாக் அஷேவாக் தன் தோல் பையில் போட்டிருந்த கடற்பாசி உருவம் ஹூஸ்டனின் கண்ணில் பட, அது 1959இல் ‘கடற்பாசி தின்னும் முயல்’ என்ற அச்சானது. காசநோய்க்காக கியூபெக் மருத்துவமனை ஒன்றில் மூன்று வருடம் கிடந்து 1955இல் ஊர் திரும்பியவர் அவர். காகிதமும் பென்சிலும் அவருக்குப் புதிது. வடிவம் வெட்டுவது புதிதல்ல.

இன்னொரு பாதி ஜப்பானிலிருந்து வந்தது. 1958இன் இறுதியில் ஹூஸ்டன் அங்கே போய் மரவெட்டு அச்சு மேதை உனிச்சி ஹிராட்சுகாவிடம் சில மாதங்கள் பயின்றார். திரும்பும்போது ஜப்பானிய அச்சுகளையும் கொண்டுவந்து கேப் டார்செட் கலைஞர்களுக்குக் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரைவது, வெட்டுவது, அச்சடிப்பது மூன்றையும் ஒரே கலைஞர் செய்ய வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னோடி ஹிராட்சுகா. கேப் டார்செட்டோ அதற்கு முந்தைய ஜப்பானிய மரபைப் பிடித்துக்கொண்டது: வரைபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர். ஊருக்கு அதுதான் பொருந்தியது. முகாமிலிருந்து பெண்களும் ஆண்களும் படம் வரைந்து கொண்டுவர, லுக்டா கியாட்சுக், இயோலா கிங்வாட்சியாக், கனாங்கினாக் பூட்டூகுக் போன்றோர் பட்டறையில் வெட்டினார்கள்.

மரமே முளைக்காத நிலத்தில் மரவெட்டு எப்படி? அதனால் கல். சிற்பம் செதுக்கிப் பழகிய கைக்குக் கல் பிரச்சினையே இல்லை. தட்டையாக்கிய கல்லில் படத்தை இடவலம் மாற்றிப் பதித்து, வேண்டாத இடத்தைக் குடைந்தெடுத்து, எஞ்சிய மேட்டில் மை உருட்டி, ஜப்பானியக் காகிதத்தை விரித்துக் கையால் தேய்த்து எடுப்பார்கள். வழக்கமாக ஒரு படத்துக்கு 50 பிரதிகள். பிறகு கல்லில் உள்ள அந்தப் படம் பயன்படாது.

1960இல் கெனோஜுவாக்கின் ‘மந்திர ஆந்தை’ வந்தது. இறகுகள் நாலா பக்கமும் சுழன்று விரிய, முட்டைக் கண்களால் உறுத்துப் பார்க்கும் ஒற்றை ஆந்தை. 25 பிரதிகள் சிவப்பும் கறுப்பும், 25 பிரதிகள் பச்சையும் கறுப்பும். பத்தாண்டு கழித்து, வடமேற்குப் பிரதேசங்களின் நூற்றாண்டையொட்டி, அது கனடாவின் 6 சென்ட் தபால்தலையில் ஏறியது. 2018இல் அதன் பிரதி ஒன்று ஏலத்தில் 2,16,000 கனடா டாலருக்குப் போனது.

படத்தின் ஓரத்தைக் கவனித்தால் சிவப்பு முத்திரைகள் தெரியும். வரைந்தவர் பெயர், வெட்டியவர் பெயர், அச்சுகளை வெளியிட்ட ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் அடையாளம். அதே காலத்தில் அரசாங்கப் பதிவேட்டில் இந்த மனிதர்கள் எண்களாக இருந்தார்கள். 1941 முதல் ஒவ்வொரு இனுயிட்டுக்கும் எண் பொறித்த சிறு வட்டவில்லை கொடுக்கப்பட்டது. கிழக்கு என்றால் அந்த எண்ணுக்கு முன் ‘ஈ’, மேற்கு என்றால் ‘டபிள்யூ’. ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் 1960களின் இறுதியில் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்த பிறகே அந்த முறை ஒழிந்தது.

இனி, இந்த அச்சுகள் தொங்கும் அருங்காட்சியகத்தின் அடுத்த கூடத்துக்கு, அதாவது கருவிகள் இருக்கும் கூடத்துக்குப் போகலாம். அங்கே முத்திரை கிடையாது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கத்தி இருக்கிறது. எலும்புப் பிடியில் இரும்புச் சில்லுகள் பதித்தது. 1818இல் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் கடற்பயணி ஜான் ராஸ் பெற்றது என்பது பதிவு. செய்தவர் யார் என்று பதிவில் இல்லை. கோபன்ஹேகனின் தேசிய அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான பொருட்கள் உண்டு. கனுட் ராஸ்முசன் தலைமையில் 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் தூலே பயணம் சேகரித்தவை. அங்கும் சேகரித்தவரின் பெயர்தான் உலகப் பிரசித்தம்.

எறியீட்டியின் முனையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஒரு விரல் நீள எலும்புத் துண்டு. பார்ப்பவர் அரை நொடியில் நகர்ந்துவிடுவார். உண்மையில் அது அபாரமான பொறியியல். கடல்நாயின் உடலில் பாய்ந்ததும் முனை கம்பிலிருந்து கழன்றுகொள்ளும். கயிறு இழுபட்டதும், துளைக்குள் நுழைந்து குறுக்கே திரும்பிய சட்டைப் பொத்தானைப்போல, தோலுக்கடியில் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிடும். இழுக்க இழுக்க இறுகும். கயிற்றின் மறுமுனையில் முழுக் கடல்நாய்த் தோலை ஊதிக் கட்டிய மிதவை. அது விலங்கைக் களைக்கவைக்கும், மூழ்கவும் விடாது.

இதையெல்லாம் விளக்கச் சீட்டில் எழுதலாம்தான். ஆனால் கனாங்கினாக்கின் படங்களில் வேட்டைக்காரர் நிற்கும் நிலை, கயிற்றைப் பிடித்திருக்கும் விதம், பனியில் கத்தி செருகியிருக்கும் இடம் எல்லாம் இருக்கின்றன. முகாம் வாழ்க்கையை அனுபவித்துவிட்டு வரைந்தவர் அவர். பிட்சியோலாக் அஷூனா கணவரை இழந்து, குழந்தைகளோடு பட்டினியைப் பார்த்து, பிறகு ஆயிரக்கணக்கில் வரைந்தார்: கூடாரம் அடிப்பது, மூட்டை சுமப்பது, பறவை பிடிப்பது. பேக்கர் லேக் ஊரின் ஜெஸ்ஸி ஊனார்க் படங்களில் ஊலுவின் பிறை திரும்பத் திரும்ப வரும், சில சமயம் பெண்ணின் உடையோடு உடையாக. மாக்கல்லில் குடைந்த குல்லிக் விளக்கை இந்த மக்களின் படங்களில் பார்த்தால்தான் வீட்டில் அதற்கு இருந்த இடம் புரியும். கடல்நாய்க் கொழுப்பில் எரியும் அந்த விளக்குதான் வெளிச்சம், கணப்பு, அடுப்பு. பனியை உருக்கிக் குடிநீர் தருவதும், நனைந்த கையுறையைக் காயவைப்பதும் அதுவே. 1999இல் பிறந்த நுனாவுட் பிரதேசம் தன் சின்னத்தில் குல்லிக்கை வைத்துக்கொண்டது.

ஆகவே அச்சுகளைக் ‘கலை’ என்று ஒரு மாடியிலும், கருவிகளை ‘மானிடவியல்’ என்று இன்னொரு மாடியிலும் வைப்பது பழைய அருங்காட்சியகங்களின் சோம்பேறித்தனம். வின்னிபெக் கலைக்கூடத்தில் 2021இல் திறந்த கௌமாயுக் மையம் ஏறத்தாழ 14,000 இனுயிட் படைப்புகளுக்கு இடமளிக்கிறது; ஆயிரக்கணக்கான சிற்பங்களை மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கேப் டார்செட் இப்போது கின்ங்காயிட் என்ற தன் சொந்தப் பெயரில் வழங்குகிறது. மக்கள்தொகை சுமார் 1,400. அங்கே 2018இல் திறந்த அச்சுக்கூடத்துக்குக் கெனோஜுவாக்கின் பெயர்.

ராஸ் வாங்கிய கத்தியில் இருந்த இரும்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது விண்கல்லிலிருந்து தட்டி எடுத்தது. அந்த விண்கல்லின் 31 டன் துண்டை 1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி கப்பலேற்றி நியூயார்க் கொண்டுபோனார். அதே கப்பலில் ஆறு இனுயிட் மனிதர்களும் போனார்கள். நால்வர் சில மாதங்களில் இறந்தார்கள். அவர்களின் எலும்புகள் 1993 வரை நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றிலேயே இருந்தன. தந்தையை அங்கே பறிகொடுத்த சிறுவன் மினிக்கின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.