வானொலிக் குறுக்கீட்டின் மூலம் தேடலும் வானொலி வானியலின் தோற்றமும்

முன்னுரை

வானொலி நிலையத்தில் கேட்கும் இரைச்சலின் பிறப்பிடத்தைக் கண்டறிவது பொறியியல் சார்ந்த பராமரிப்புப் பணியாகவே கருதப்படுகிறது. எனினும் 1930களில் அமெரிக்காவில் நிகழ்ந்த இத்தகைய இரு தேடல்கள் ஒரு புதிய அறிவியல் துறைக்கு வித்திட்டன. அவற்றில் குறுக்கீடு இனங்காணப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜான்ஸ்கியின் காலச் சான்று

கடல்கடந்த வானொலித் தொலைபேசி இணைப்புகளுக்கு இடையூறாக இருந்த இரைச்சலை ஆராயும் பொறுப்பு பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. நியூ ஜெர்சியின் ஹோம்டெல் பகுதியில், மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மீது சுழலும் ஆண்டெனா ஒன்றை அவர் அமைத்தார். அது 20.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கியது. பதிவான இரைச்சலை அவர் மூவகைப்படுத்தினார்: அண்மை இடிமழையால் எழுவது, தொலைவு இடிமழையால் எழுவது, மூலம் அறியப்படாத இடையறாத சீறல். மூன்றாவது வகை தொடக்கத்தில் சூரியனைப் பின்தொடர்வதாகத் தோன்றியது. மாதங்கள் செல்லச்செல்ல, அதன் உச்சநேரம் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி வந்தது. 23 மணி 56 நிமிடம் என்னும் இக்கால அளவு சூரிய நாளுக்குரியதன்று, விண்மீன் நாளுக்குரியது. எனவே மூலம் பூமியிலோ சூரியனிலோ இல்லை என்பது தெளிவாயிற்று. பால்வீதியின் மையம் அமைந்துள்ள தனுசு மண்டலத் திசையையே சான்றுகள் சுட்டின. 1933இல் இம்முடிவு வெளியிடப்பட்ட பின்னர், நிறுவனம் அவரை வேறு பணிகளில் ஈடுபடுத்தியது.

ரேபரின் வடிவச் சான்று

இப்பணியைத் தொடர்ந்தவர் அமெச்சூர் வானொலியாளரான குரோட் ரேபர். 1937இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகரில், தம் இல்லத்தின் கொல்லையில், ஏறத்தாழ 9 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆண்டெனாவைச் சொந்தச் செலவில் நிறுவினார். 3300, 900 மெகாஹெர்ட்ஸ் முயற்சிகள் பலனளிக்கவில்லை. 160 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி இரைச்சல் அகப்பட்டது.

அங்கு அவருக்கு நேர்ந்த பெருந்தடை, சாலையில் செல்லும் மோட்டார் வண்டிகளாகும். எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறி பரந்த அலைவெண் எல்லையில் துடிப்புகளை உமிழ்கிறது. ஆதலின் ரேபர் பகலில் அலுவல் பார்த்து, போக்குவரத்து அடங்கிய நள்ளிரவுக்குப் பின் பதிவுகளை மேற்கொண்டார். பதிவுத்தாளில் வண்டிப்பொறிகள் கூரிய முட்களாகத் தோன்றின. விண்மூலமோ, பூமியின் சுழற்சியால் கிண்ணத்தின் பார்வையைக் கடக்கும்போது, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் குன்றாகப் பதிவாயிற்று. இவ்வேறுபாடே இரண்டையும் பிரித்தறிய உதவியது. 1944இல் அவர் வானின் வானொலி வரைபடங்களை வெளியிட்டார்.

முடிவுரை

ஜான்ஸ்கி இரைச்சலின் காலத்தையும், ரேபர் அதன் வடிவத்தையும் அளவுகோலாகக் கொண்டனர். இருவரும் இரைச்சலை வெறும் தடையாக ஒதுக்கவில்லை; அறிந்த மூலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்த பின் எஞ்சியதை ஆராய்ந்தனர். வானொலி வானியல் அந்த எச்சத்திலிருந்தே பிறந்தது. அத்துறையில் கதிர்ப்பாயச் செறிவின் அலகு இன்று ‘ஜான்ஸ்கி’ என்றே வழங்குகிறது.