மாவு பிசையும் எந்திரத்தின் கதை

ரொட்டி மாவை நீங்கள் எப்போதாவது கையால் பிசைந்து பார்த்ததுண்டா? முதலில் மாவும் நீரும் கையில் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் விடாது பிசைந்தால் அது வழவழப்பாகி, இழுத்தால் நீளும் தன்மையைப் பெறும். கோதுமையிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் புரதங்கள் நீருடன் சேர்ந்து ‘குளூட்டென்’ என்னும் வலையாகப் பின்னிக்கொள்வதே இதற்குக் காரணம். ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவை இந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரொட்டி உப்புகிறது. வலை உறுதியாக உறுதியாகப் பிசையும் கைக்கு வேலை கூடிக்கொண்டே போகும். இந்த வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்த வரலாற்றையே இப்போது பார்க்கப் போகிறோம். பழைய எந்திரத்தைப் புதுப்பித்து விற்பவரிடம் வாங்க எண்ணுவோருக்கும் இவ்வரலாறு பயன்படும்.

ஒரு பொறியாளரின் பார்வை

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஹோபார்ட் என்னும் தொழிற்சாலை இருந்தது. அங்குப் பணியாற்றிய ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்னும் பொறியாளர், 1908ஆம் ஆண்டில் ரொட்டி சுடுபவர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிப் பாடுபடுவதைக் கண்டார். இதற்கு ஓர் எந்திரம் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. சில ஆண்டு உழைப்புக்குப் பின், 80 குவார்ட், அதாவது ஏறத்தாழ 76 லிட்டர் கொள்ளும் பெரிய கலவை எந்திரம் உருவாயிற்று. ரொட்டிக்கடைகள் அதை விரும்பி வாங்கின. அமெரிக்கக் கடற்படையும் தன் கப்பல்களின் சமையற்கூடங்களில் அதை நிறுவியது.

1919இல் அதே எந்திரத்தின் சிறிய வடிவம் வீடுகளுக்கு வந்தது. ‘எச்-5’ என்ற அந்த முதல் கிச்சன்எய்ட் எந்திரத்தின் எடை 65 பவுண்டு, அதாவது 29 கிலோகிராமுக்கும் மேல்! விலை 189 டாலர் 50 சென்ட். அக்காலத்தில் இது பெருந்தொகை. 1937இல் எக்மான்ட் ஆரன்ஸ் என்ற வடிவமைப்பாளர் ‘கே’ வகை எந்திரத்துக்கு இன்று நாம் காணும் வளைந்த உருவைத் தந்தார். 1986இல் ஹோபார்ட்டிடமிருந்து கிச்சன்எய்ட் பிரிவை வேர்ல்பூல் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதற்கு முன் ஹோபார்ட் செய்த வீட்டு எந்திரங்களையும், ரொட்டிக்கடைகளுக்கான ‘என்-50’ என்னும் 5 குவார்ட் எந்திரத்தையும் தேடிப்பிடித்துப் புதுப்பித்து விற்போர் அமெரிக்காவில் இன்றும் உண்டு.

கிண்ணத்துக்குள் ஒரு வெள்ளிக் கோள்

பழைய கலவை எந்திரங்களில் கிளறும் தண்டு ஓரிடத்திலேயே நின்று சுழலும். அல்லது கிண்ணம் சுழலும். ஜான்ஸ்டன் செய்த எந்திரத்தில் தண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே கிண்ணத்தையும் வலம் வருகிறது. நிலையாக நிற்கும் வளையப் பற்சக்கரம் ஒன்றின் உட்புறத்தில் சிறு பற்சக்கரம் உருண்டு செல்வதால் இது நிகழ்கிறது. இதைக் ‘கோள் இயக்கம்’ என்பார்கள்.

இந்தப் பெயர் முற்றும் பொருந்துமா? பூமி தன்னைச் சுற்றுவதும் சூரியனைச் சுற்றுவதும் ஒரே திசையில். ஆனால் வளையத்தின் உட்புறம் உருளும் சக்கரம், தான் வலம் வரும் திசைக்கு எதிர்த்திசையில் சுழலும். நாணயம் ஒன்றை வளையலின் உட்புறம் உருட்டிப் பாருங்கள், விளங்கும். எதிர்த்திசையில் சுழலும் கோள் வெள்ளி. ஆகவே அந்தத் தண்டைப் பூமிக்கு ஒப்பிடுவதைவிட வெள்ளிக்கு ஒப்பிடுவதே சரி!

வாட் எண் சொல்லாத செய்தி

இனி ஒரு கேள்வி. ‘என்-50’ எந்திரத்தின் மோட்டார் 1/6 குதிரைத்திறன், அதாவது சுமார் 124 வாட் மட்டுமே. இன்றைய வீட்டு எந்திரங்கள் பலவற்றின் பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, கெட்டியான மாவுக்கு அந்தப் பழைய எந்திரத்தையே ஏன் நாடுகிறார்கள்?

திறன் என்பது திருப்புத்திறனையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று சுழலும்போது 124 வாட்டுக்குக் கிடைக்கும் திருப்புத்திறன் சுமார் 0.7 நியூட்டன் மீட்டர். பற்சக்கரங்கள் தண்டின் வேகத்தை 136 சுற்றாகக் குறைக்கின்றன. உராய்வு இழப்பைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், திருப்புத்திறன் சுமார் 8.7 நியூட்டன் மீட்டர் ஆகிறது. ஏறத்தாழ பன்னிரண்டரை மடங்கு! மாவைப் பிசைவது வேகமன்று, திருப்புத்திறனே. மேலும், பெட்டியில் உள்ள வாட் எண் பெரும்பாலும் எந்திரம் மின்சாரத்திலிருந்து இழுக்கும் திறனைக் குறிக்கும். தண்டில் வெளிப்படும் திறனை அன்று. ஆகவே வாட் எண்ணை மட்டும் பார்த்து எந்திரத்தை எடைபோடுவது தவறு.

வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்

‘புதுப்பித்தது’ என்ற சொல்லில் பல பொருள்கள் மறைந்துள்ளன. வெளியே வர்ணம் பூசியதும் புதுப்பித்ததே. உள்ளே பிரித்துச் சீர்செய்ததும் புதுப்பித்ததே. எது என்று கேட்டறிய வேண்டும். பழைய கிரீஸை முழுதும் வழித்துப் புதியது இட்டார்களா? தேய்ந்த பற்சக்கரங்களை மாற்றினார்களா? இத்தகைய எந்திரங்கள் சிலவற்றில் ஒரு சக்கரத்தை மட்டும் மென்மையான பொருளால் செய்திருப்பார்கள். மாவு மிகக் கெட்டியாகி எந்திரம் திணறும்போது, மோட்டார் கருகாமல் அந்தச் சக்கரம் தன்னை இழந்து காக்கும். அது தேய்ந்திருந்தால் குறையன்று; மாற்றக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. மின்கம்பியின் உறை வெடித்திருக்கிறதா, நில இணைப்பு உண்டா என்பவை உயிரைக் காக்கும் கேள்விகள்.

அமெரிக்க எந்திரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. ‘என்-50’இல் உள்ளது போன்ற தூண்டல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், மிகுதியாகச் சூடும் ஆகும். கார்பன் பிரஷ் கொண்ட மோட்டாருக்கு இத்தொல்லை குறைவு.

நூறாண்டுக்கு முன் ஒருவர் பிறர் படும் பாட்டைக் கண்டு மனமிரங்கியதால் பிறந்த கருவி இது. பிரித்துப் பார்க்கவும், தேய்ந்ததை மாற்றவும் இடம் வைத்துச் செய்ததால்தான் பேரன் காலத்திலும் அது உழைக்கிறது. எந்தக் கருவியை வாங்கினாலும், ‘இது பழுதானால் திறந்து பார்க்க முடியுமா?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்த பிறகு விலையைக் கேட்கலாம்.