சுயநலம்: ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் சுயநலத்தைப் பழிக்கும் 'செல்ஃபிஷ்' என்னும் சொல் மிகப் பழையதன்று. 1640களில், இங்கிலாந்தின் சமயப் பூசல்களுக்கிடையே, பிரெஸ்பிட்டேரியர்களிடம் பிறந்த வசைச்சொல்லாகவே அதனை அறிகிறோம்.

1776இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஆடம் ஸ்மித், இறைச்சி விற்பவரும் ரொட்டி சுடுபவரும் தத்தம் நன்மை கருதியே நமக்கு உணவளிக்கின்றனர் என்றார், அதனைப் பழிக்கவில்லை. அவரே 1759இல் வெளியிட்ட தம் அறநூலைப் பிறர் நலத்தில் அக்கறை கொள்ளும் மனித இயல்பிலிருந்து தொடங்கினார். தன் நன்மையை நாடுவது வேறு. அதற்காகப் பிறரைக் கெடுப்பது வேறு.

நாமோ இரண்டையும் சுயநலம் என்ற ஒரே சொல்லில் அடக்குகிறோம். அதனால் பேராசைக்காரர் ஸ்மித்தைத் துணைக்கழைக்கிறார். உரிய கூலி கேட்பவரோ சுயநலக்காரர் ஆகிறார். ஒருவரை அவ்வாறு சுட்டுமுன், அவர் எவருடைய பங்கைப் பறித்தார் என்று கேட்போமாக.