அனுமதிச் சீட்டும் அதிகாரமும்: சுதந்திராக் கட்சியின் சிந்தனை அடிப்படைகள்

இந்தியாவில் சுதந்திரவாதச் சிந்தனையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1991இன் தாராளமயமாக்கலில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பிருந்ததை மேலை நூல்களின் எதிரொலி என்றோ, முதலாளிகளின் முணுமுணுப்பு என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். 1959 ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்ட சுதந்திராக் கட்சியை நெருங்கிப் பார்த்தால் இந்த இரண்டு கணிப்பும் நிற்பதில்லை. விலையைப் பற்றிய ஒரு வாதமும் நிலத்தைப் பற்றிய ஒரு வாதமும் அந்தக் கட்சியில் வந்து சேர்ந்தன. இரண்டுமே உலகின் பிற இடங்களில் முன்பே உருவானவை. அவற்றோடு சேர்ந்த மூன்றாவது வாதம் அரசின் அனுமதியைப் பற்றியது. அதைக் கூர்மையாக்கியவர் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ராஜாஜி. மூன்றிலும் வலுவானது அதுதான் என்பதும், அதன் முழு வலுவைக் கட்சியே பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விலை பற்றிய வாதத்தின் ஊற்று வியன்னாவில் இருக்கிறது. பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் 1920இல் எழுப்பிய கேள்வியை இப்படிச் சுருக்கலாம்: உற்பத்திக் கருவிகள் எல்லாம் அரசுடைமையாகி அவற்றுக்குச் சந்தையே இல்லாமற்போனால், கையிலுள்ள இரும்பை ரயில் பாதைக்குக் கொடுப்பதா, ஏர்க் கொழுவுக்குக் கொடுப்பதா என்பதை எந்தக் கணக்கைக் கொண்டு முடிவுசெய்வது? கோடிக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவை ஒரு திட்டக்குழு ஓரிடத்தில் திரட்ட முடியாது, விலைதான் அதைக் கைமாற்றித் தருகிறது என்று 1945இல் பொருளியலாளர் ஹாயெக் இதை விரித்தார். அதே ஹாயெக் 1931இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆற்றிய உரைகளை மாணவராக இருந்து கேட்டவர் இந்தியப் பொருளியலாளர் பி. ஆர். ஷெனாய். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அமைந்த பொருளியல் வல்லுநர் குழுவில் 1955இல் மறுப்புக் குறிப்பு எழுதியவர் அவர் ஒருவரே. நாட்டின் சேமிப்பை மீறிப் பற்றாக்குறை நிதியைக் கொண்டு திட்டத்தைப் பெரிதாக்கினால் விலைவாசி ஏறும். அதை அடக்கக் கட்டுப்பாடுகள் பெருகும். அவை ஜனநாயகத்தையே அரிக்கும் என்று அவர் எச்சரித்தார். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது அவர் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அந்தக் கொண்டாட்டத்தை நான் ஏற்கவில்லை. கணிப்பு பலித்ததைவிட, பணத்தில் தொடங்கி அதிகாரத்தில் போய் முடியும் அந்தக் காரணச் சங்கிலியை அவர் கண்டதுதான் மதிப்புமிக்கது.

நிலம் பற்றிய வாதத்துக்கு உரியவர் கட்சியின் முதல் தலைவரான என். ஜி. ரங்கா. குண்டூர் மாவட்டத்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ஜமீன்தாரி எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணையை இலக்காக அறிவித்தபோது அவர் காங்கிரஸிலிருந்து முறித்துக்கொண்டார். ஜமீன்தாரை எதிர்த்தவர் நிலவுடைமைக்காகக் கொடி பிடிப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் உழைப்பைக் கலப்பதால் ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாகிறது என்ற ஜான் லாக்கின் 17ஆம் நூற்றாண்டுக் கோட்பாட்டோடு வைத்துப் பார்த்தால் முரண் மறைந்துவிடுகிறது. ஜமீன்தார் உழாமலே வாரம் வாங்கினார். கூட்டுப்பண்ணை உழுதவனிடமிருந்தே முடிவெடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளப் பார்த்தது. உழுபவன் பக்கம் நின்ற ஒருவர் இரண்டையும் எதிர்ப்பதுதான் சீரான நிலைப்பாடு.

ராஜாஜியின் வாதம் நூலகத்திலிருந்து வரவில்லை. 1952இல் சென்னை முதலமைச்சராக அவர் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அஞ்சிய பஞ்சம் வரவில்லை. மறுபக்கம், 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்துக்குப் பிறகு தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் டெல்லியின் கையெழுத்து வேண்டியதாயிற்று. இதைத்தான் அவர் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று ஓயாமல் எழுதினார். அவருடைய கவலை உற்பத்தி குறைவதைப் பற்றியது மட்டுமல்ல. கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் ஆளுங்கட்சியை எதிர்த்துப் பேசமாட்டார், அதன் தேர்தல் நிதிக்கு மறுக்கவும் மாட்டார், ஆகவே எதிர்க்கட்சி வேர்விட மண்ணே இராது என்பதுதான் அவர் வாதத்தின் உயிர். இதற்கு வலுவான சான்று எதிர்த்தரப்பிலிருந்தே வந்தது. தொழில் உரிமங்கள் பற்றித் திட்டக்குழுவுக்காகப் பொருளியலாளர் ஆர். கே. ஹசாரி 1967இல் அளித்த அறிக்கை, பெரிய குழுமங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், திரளாக விண்ணப்பித்து உரிமங்களை வாங்கி வைத்துப் பிறர் நுழையாமல் தடுக்க முடிந்ததை எடுத்துக்காட்டியது. 1969இல் உரிமக் கொள்கையை ஆராய்ந்த தத் குழுவும் உரிம முறை பெரியவர்களுக்கே சாதகமாகிவிட்டது என்று கண்டது. தனியார் ஆதிக்கத்தை அடக்கப் பிறந்த முறை அதற்கே காவலாக நின்றது.

சுதந்திரா பணக்காரர்களின் கட்சி என்ற குற்றச்சாட்டுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது: உரிமம் பெறத் தெரிந்த பெருமுதலாளிக்குக் காங்கிரஸை விட்டு விலக வேண்டிய தேவை இல்லை. மீதிப் பாதிக்குப் பதில் இல்லை. 1962இல் 18 மக்களவை இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் வென்ற கட்சி, ராஜஸ்தானிலும் பீகாரிலும் ஒரிசாவிலும் பழைய அரச குடும்பங்களின் செல்வாக்கைப் பெரிதும் நம்பியிருந்தது. ரங்காவின் உழவனும் ஜெய்ப்பூர் அரண்மனையும் ஒரே மேடையில் நின்றபோது உழைப்பால் வரும் உடைமை என்ற வாதம் தன் கூர்மையை இழந்தது. ராஜாஜியைச் சுதந்திரவாதி என்பதே தவறு என்ற ஆட்சேபமும் உண்டு. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1939இல் சென்னை மாகாணத்துக்கு விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று வகுத்தது அவருடைய அரசு. தனிமனிதத் தேர்வை அவர் எப்போதும் முதன்மையாகக் கொண்டார் என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் குவியும் அதிகாரத்தை அஞ்சியவர் என்றால் பொருந்தும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் சாதியிலிருந்து வருகிறது. தஞ்சை வயலில் உழைப்பைக் கலந்தவர் பண்ணையாள்; பட்டா இருந்தது மிராசுதாரிடம். இருக்கும் உடைமையை அப்படியே காப்பது பழைய அநீதிக்குக் காவல் நிற்பதாகாதா? ஆகும் என்றே நான் கருதுகிறேன், லாக்கை உண்மையாக எடுத்துக்கொள்பவரும் அப்படித்தான் கருதியாக வேண்டும். தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலில், நியாயமாகப் பெறுதல், நியாயமாகக் கைமாறுதல் ஆகியவற்றோடு பழைய அநீதியைத் திருத்துதல் என்பதையும் ஒரு நெறியாகச் சேர்த்தார். ஆக, இந்த ஆட்சேபத்துக்கான விடை சுதந்திரவாதத்தின் உள்ளேயே இருக்கிறது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்க அவசரச் சட்டம் பிறப்பித்த ராஜாஜிக்கு இது புரியாத விஷயமன்று. ஆனால் கட்சி அந்த நெறியைத் தன் கொள்கையாக வளர்க்கவில்லை. 1971இல் 8 இடங்களுக்குச் சுருங்கி 1974இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்ததற்கு இந்திரா காந்தியின் வறுமை ஒழிப்பு முழக்கத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நிலமில்லாதவரிடம் உடைமையின் அருமையைப் பேசப் போனவர்களிடம் அவருக்கென்று சொல்ல எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

தேர்தலில் தோற்ற கட்சியின் வாதம் நீதிமன்றத்தில் வேறு வழியில் தொடர்ந்தது. வங்கி தேசியமயச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஆர். சி. கூப்பர் சுதந்திராக் கட்சியைச் சேர்ந்தவர். அவருக்காக வாதாடியவர் நானி பால்கிவாலா. 1970இல் 11 நீதிபதிகள் அமர்வில் ஒருவர் தவிர மற்றவர்கள் அச்சட்டத்தைச் செல்லாது என்றனர். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அரசின் செயல் குடிமகன்மேல் என்ன விளைவை உண்டாக்குகிறது என்றே பார்க்க வேண்டும் என்ற நெறி அத்தீர்ப்பில் உருப்பெற்றது. சொத்துரிமை 1978இல் 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில், காரணம் சொல்லாமல் கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், கூப்பர் வழக்கின் நெறியை அடித்தளமாகக் கொண்டே உச்ச நீதிமன்றம் தனிமனிதச் சுதந்திரத்துக்கு விரிந்த பொருள் தந்தது.