3,400 ஆண்டு பழமையான கிரேக்க எழுத்து: 'லீனியர் பி' படிக்கப்பட்டது எப்படி?

கிரேக்கம்னாலே ஆல்பா, பீட்டா, காமாதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால், அந்த எழுத்துகள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மொழி வேறொரு எழுத்தில் எழுதப்பட்டது. அதன் பெயர் 'லீனியர் பி'. மறந்துபோன இந்த எழுத்தை 1952-ல் படித்துக் காட்டியவர் மொழிப் பேராசிரியர் அல்ல, ஒரு கட்டடக் கலைஞர்!

எங்கே கிடைத்தது?

1900-ல் கிரீட் தீவின் நோசோஸில் அகழாய்வைத் தொடங்கிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், எழுத்து கீறிய களிமண் பலகைகளைக் கண்டெடுத்தார். 1939-ல் கிரீஸின் பைலோஸிலும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இவை சூளையில் சுடப்பட்டவை அல்ல. அரண்மனைகள் எரிந்தபோது பச்சைக் களிமண் வெந்து இறுகிவிட்டது. அதாவது, அரண்மனையை அழித்த தீதான் எழுத்தைக் காப்பாற்றியது.

என்ன சிக்கல்?

எழுத்தும் தெரியாது, அது எந்த மொழி என்பதும் தெரியாது. எகிப்துக்குக் கிடைத்த ரொசெட்டா கல் மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. 'இது கிரேக்கம் இல்லை' என்று எவன்ஸ் உறுதியாக நம்பியதும் பலரைத் திசைதிருப்பியது.

வழி காட்டிய பெண்

அமெரிக்காவின் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்திய ஆலிஸ் கோபர், ஒலியை ஊகிக்கவே மறுத்தார். எந்தக் குறி எதன் பக்கத்தில் வருகிறது என்று மட்டும் கணக்கெடுத்தார். போர்க்காலத்தில் பேப்பர் தட்டுப்பாடு. கிடைத்த தாள்களை எல்லாம் அட்டைகளாக வெட்டி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான்: ஒரே சொல்லின் கடைசிப் பகுதி மாறி மாறி வருகிறது. தமிழில் 'பாடு, பாடி, பாட' என்று வருகிறதல்லவா? எழுத்தே தெரியாத ஒருவரும் டு, டி, ட மூன்றுக்கும் மெய் ஒன்றுதான் என்று யூகிக்கலாம். அதே தர்க்கம்தான். ஆனால், விடை தெரியும் முன்பே 1950-ல் கோபர் இறந்துவிட்டார்.

உடைந்தது புதிர்

இந்த வழியை விரிவாக்கி, குறிகளைக் கட்டம் போட்டு அடுக்கினார் மைக்கேல் வென்ட்ரிஸ். சில சொற்கள் கிரீட் தீவு ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று பொருத்திப் பார்த்தார். 'கோ-நோ-சோ' என்று வந்தது நோசோஸ்! மற்ற சொற்களும் கிரேக்கமாகவே வந்தன. 1952 ஜூலை 1-ல் பிபிசி வானொலியில் இதை அறிவித்தார். மொழியியலாளர் ஜான் சாட்விக் கைகோத்தார். பிறகு, முக்காலிப் பாத்திரப் படத்தின் அருகே 'டி-ரி-போ' என்று எழுதிய பைலோஸ் பலகை வெளிவர, சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

எப்படிப் படிக்கிறார்கள்?

சுமார் 90 குறிகள். ஒவ்வொன்றும் ஓர் அசை. 'ர', 'ல' இரண்டுக்கும் ஒரே குறிதான். சொல்லின் கடைசி மெய்யை எழுதுவதில்லை. 'போ-மே' என்றிருந்தால் 'பொய்மேன்', அதாவது ஆடு மேய்ப்பவர். 'கடல்', 'பகல்' இரண்டிலும் 'க'வை இடம் பார்த்து நாம் உச்சரிப்பது போல, இங்கேயும் இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கு?

கதையும் இல்லை, கவிதையும் இல்லை. ஆடு, கம்பளி, எண்ணெய், தேர் என எல்லாம் அரண்மனைக் கணக்கு. ஆனால் நடுவில் ஜீயஸ், பொசைடன் போன்ற கடவுள் பெயர்களும் வருகின்றன. கி.மு. 1200 வாக்கில் அரண்மனைகள் வீழ்ந்தன. கணக்கு எழுத ஆள் இல்லாமல் எழுத்தும் மறைந்தது.

இதற்கு முந்தைய 'லீனியர் ஏ' எழுத்தின் மொழி எது என்பது மட்டும் இன்றுவரை புதிர்தான்.