மாவு பிசைந்த கரங்கள்

தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு வெள்ளை மாவைப்போல் எளிதில் இசைந்து கொடுப்பதன்று. மாவைப் பிணைத்து ரொட்டியை உப்பச்செய்யும் குளூட்டன் இழைகளைத் தவிட்டுத் துகள்கள் அறுத்துவிடும். பொறுமையாகப் பிசைதலே அதற்கு வழி. அவ்வுழைப்பு நெடுங்காலம் மனிதக் கரங்கள் மீதே விழுந்தது.

1908இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் எனும் பொறியாளர், ரொட்டி சுடுபவர் ஒருவர் உலோகக் கரண்டியால் மாவைக் கிளறி அல்லலுறுவதைக் கண்டார். அதன் விளைவே மின்கலவைப் பொறி. கிண்ணம் அசையாது நிற்க, கலக்கும் கரம் தானும் சுழன்று கிண்ணத்தையும் சுற்றிவரும்; ஞாயிற்றைச் சுற்றும் கோளை நினைத்தால் மாணவர்க்கு விளங்கும். முதலில் அது அடுமனைகளுக்கும் கடற்படைக் கப்பல்களுக்குமே சென்றது. 1919இல் இல்லங்களுக்கென வந்த ‘கிச்சன்எய்டு’ ஏறத்தாழ 30 கிலோ எடை; விலையோ 189.50 டாலர்! கைவலி தீர்க்க வந்த பொருளைப் பெரும்பாலான இல்லத்தரசியரால் வாங்கவும் இயலவில்லை, தூக்கவும் இயலவில்லை. விலை 55 டாலர் அளவுக்கு இறங்க 1930களின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது.